செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: பழைய பயண வண்டிகளும் வீட்டுப் பராமரிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி கூட்டப்பட்டுள்ள இப்பொதுக்குழுவின் முன், 2025 மார்ச் 31 அன்று முடிவுற்ற ஆண்டிற்கான அறிக்கையை வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கையும் சந்தா நிலுவையையும் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், இவ்வறிக்கை நம் பழைய மோட்டார் சைக்கிள்களையும் அவற்றை வீட்டிலேயே பழுது பார்ப்பதையும் பற்றியதாக மட்டுமே அமைகிறது.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த முடிவுகளுள் முழுமையாக நிறைவேறியது ஒன்றுதான். உறுப்பினர் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுக் கருவிப்பெட்டி ஒன்றை வாங்கி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் உறுப்பினர் ஒருவரின் மாங்காய்க் கொட்டகையில் கூடி வேலை பழகுவது என்பதே அது. மாம்பழப் பருவத்தில் கொட்டகை கிடைக்காது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்; அந்த மாதங்களில் மட்டும் அவரவர் வீட்டு வாசலில் நடத்தினோம். இதற்கு அடிப்படையாக இருந்தது, பயணங்களில் வழியில் நின்றுபோன வண்டிகளின் காரணங்களைக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டினால் இன்ஜின் கோளாறு என்று சொல்லத்தக்கது அபூர்வமாகவே தென்படுகிறது. நுனி பிரிந்து அறுந்த கிளட்ச் கேபிள், தேய்ந்த பாயிண்ட் (பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை), துரு அடைத்த பெட்ரோல் காக் (டேங்கின் அடியிலுள்ள திறப்பான்), தளர்ந்துபோன பேட்டரி முனை, இறுக்க மறந்த சைலன்சர் நட்டு என, புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டு நிழலில் உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டியவையே பக்கம் பக்கமாக உள்ளன.

கருவிப்பெட்டியைப் பற்றி ஒரு சொல். நம் சங்கத்தில் மிகுதியாக உள்ளவை காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட புல்லட் 350 வண்டிகள். 1950களின் நடுவில் சென்னை திருவொற்றியூரில் ஆங்கிலேய வடிவமைப்பைக் கொண்டு தொடங்கிய தயாரிப்பு என்பதால், அவற்றின் பழைய நட்டுகளிலும் போல்ட்டுகளிலும் ஆங்கிலேய மரையும் மெட்ரிக் மரையும் கலந்தே இருக்கின்றன. 14ஆம் எண் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துகிறது என்று அதைப் போட்டுத் திருகியதால் முனை மழுங்கிய நட்டுகளை ஒவ்வொரு வண்டியிலும் காணலாம். ஆகவே பெட்டியில் விட்வொர்த் என்னும் ஆங்கிலேய அளவு ஸ்பேனர்கள், இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், மேக்னெட்டையும் கிளட்சையும் கழற்றும் புல்லர்கள் ஆகியவற்றையே முதலில் வாங்கினோம். சாதாரண ஸ்பேனர் செட்டை உறுப்பினர்களே வைத்துக்கொள்ளலாம். பெட்டியை எடுத்துச் செல்வோர் பதிவேட்டில் கையெழுத்திட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி சிலருக்குக் கசப்பாக இருந்தாலும், அதனால்தான் எல்லாக் கருவிகளும் இன்றும் பெட்டிக்குள் இருக்கின்றன.

கொட்டகையில் அதிகம் பேர் கற்றுக்கொள்ள விரும்பியது டேப்பட் வைக்கும் வேலை, அதாவது வால்வுகளை இயக்கும் பாகங்களின் இடைவெளியைச் சரிசெய்வது. பழையபேட்டையில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா அவர்கள் இதை ஒவ்வொருவர் கையாலும் செய்யவைத்தார்கள். புல்லட்டில் சிலிண்டரின் வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதியும் அட்ஜஸ்டரும் தெரியும். இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் நாள் மாலை நிறுத்திய வண்டியில் மறுநாள் காலையில் செய்வதே முறை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். அந்நிலையில் புஷ் ராடை இரு விரல்களுக்கிடையில் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் மயிரிழை திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின் மறுபடியும் உருட்டிப் பார்க்காதவர்களை ஐயா அவர்கள் எழுந்திருக்க விடவில்லை. "டக் டக்குனு சத்தம் வந்தா பரவால்ல தம்பி, சத்தமே இல்லேன்னா தான் கழட்டிப் பாக்கணும்" என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. டேப்பட் தளர்ந்திருந்தால் சத்தத்தோடு போய்விடும். இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடாமல், எரிந்த வாயு அதன் விளிம்பிலேயே கசிந்து, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். பிந்தைய யு.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜின் வைத்திருப்போருக்கு, ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் இந்த வேலையே இல்லை. அவர்கள் அன்று டீ வாங்கிவரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை இங்குள்ள யாவரும் அறிவோம். ஆனால் அது தானாகக் குறைந்துகொண்டே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேம் என்னும் சுழலும் மேட்டில் உராயும் ஃபைபர் முனை தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது. சுருங்கும்போது தீப்பொறி விழும் நேரமும் (டைமிங்) பின்தங்குகிறது. வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் சூடாகிறது. கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி, அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் நுண்துளையான ஜெட்டை மாற்றுவதற்கு முன், பாயிண்ட் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜை விட்டுப் பார்ப்பதற்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. அப்படியே கேமைத் தொட்டிருக்கும் துணியில் ஒரு துளி கிரீஸ் வைத்துவிட்டால் தேய்மானமும் குறையும்.

ஆயில் தொடர்பாக ஒரே குழப்பம் இந்த ஆண்டும் திரும்பத் திரும்ப எழுந்தது. பழைய புல்லட்டில் ஆயில் டேங்க், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால், தேய்ந்த ஆயில் பம்ப் வழியாக அந்த ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். பிறகு டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவர் ஆயில் குறைந்துவிட்டது என்றெண்ணி மேலும் ஊற்றுகிறார். ஸ்டார்ட் செய்ததும் தெருவெல்லாம் வெண்புகை, காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியே ஆயில் ஒழுக்கு, பிஸ்டன் ரிங் போய்விட்டது என்ற பீதி. வெளியூருக்குப் போய்த் திரும்பிய உறுப்பினர் ஒருவர் இதே நிலையில் இன்ஜினைப் பிரிக்க முன்பணம் வரை கொடுத்துவிட்டு நம்மிடம் வந்தார். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியென்றால் கிராங்க் கேஸ் அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து அங்கே தேங்கியிருப்பதை முதலில் இறக்கிவிடலாம். அவருடைய இன்ஜின் பிரிக்கப்படாமலேயே இன்று வாசலில் நிற்கிறது.

பெட்ரோலைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியுள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நாட்டில் அறிமுகமாகி, இன்று நம் பங்குகளில் வேறெதையும் தேடிப் பிடிக்க முடியாத நிலை வந்துவிட்டது. நம் வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் காக்கின் வாஷர்களையும் ஊதிப் பெருக்கவைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையில் பெட்ரோலின் பங்கு மெலிகிறது. சென்சார் வைத்த புது வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வழியில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, பீங்கான் முனை காபி நிறமாக இல்லாமல் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றுவது பற்றி யோசிக்கலாம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்று செயற்குழு சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதையும், இரண்டு வாரத்திற்கு மேல் நிறுத்துவதாயிருந்தால் காக்கை மூடி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்வதையும் ஒவ்வொருவரும் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

டேங்க் துருவுக்கு நம் ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றும் முறையைத் தருமபுரி உறுப்பினர்கள் செய்து காட்டினார்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கவே செய்கிறது. கழுவிய கையோடு சோடா உப்பு நீரால் அமிலத்தை முறித்து, வெயிலில் வைத்து உலர்த்தி, உடனே பெட்ரோலை நிரப்பாவிட்டால் மறுநாளே செம்மண் நிறத்தில் புதுத் துரு படர்ந்துவிடும் என்பதையும் அங்கேயே பார்த்தோம். நாரையும் கொட்டையையும் நன்றாக வடிகட்டாதவர் பெட்ரோல் காக்கைத் தனியே கழற்ற வேண்டிவந்ததை இங்கே விவரிக்கவில்லை.

நம் மாவட்டங்களின் நீரும் தூசியும் தனிக் கவனத்துக்குரியவை. ஃபுளோரைடும் உப்பும் மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தப் போர் தண்ணீரையே பேட்டரியில் ஊற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள். டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறெந்த நீரும் பேட்டரிக்கு ஆகாது. பர்கூர், ஜகதேவி பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் அன்றாடம் ஓட்டுவோர், ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன இடைவெளியில் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது. கல்தூசு உள்ளே போனால் சிலிண்டரின் உட்சுவரையே அறுக்கும்.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தை முன்னிட்டு பிரேக் பணிக்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுவதும் ஒதுக்கினோம். டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறி, லீவரைப் பிடித்தும் நிற்காத நிலைக்கு வரும் என்பதால், இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து இன்ஜினால் இறங்குவதே பாதுகாப்பு. யெஸ்டி (Yezdi) வண்டி வைத்திருப்போர் மட்டும் இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி நெடுநேரம் இறங்கினால், பெட்ரோல் போகாத இடத்துக்கு ஆயிலும் போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் சாலைக்கும் இது பொருந்தும். யமஹா ஆர்.எக்ஸ். 100இல் தனி ஆயில் பம்ப் உண்டு என்றாலும், அதன் கேபிள் சரியாக இழுக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். ஓசூரிலேயே தயாராகி 1984இல் வெளிவந்த இன்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 வண்டியை இன்னும் ஓட்டிவரும் ஓசூர் உறுப்பினரையும் இவ்வேளையில் பாராட்டுகிறேன். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது என்பதால் அவ்வண்டிக்கு இரு மாவட்டத்தாரும் உரிமை கோருகிறார்கள்.

உதிரிபாகங்களுக்குப் பெங்களூரு ஜே.சி. சாலையையும் சென்னைப் புதுப்பேட்டையையும் நம்பியே இருக்கிறோம். பேரிங் வாங்குவதற்கு மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழைய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் ஓசூர்ப் பேரிங் கடைகளிலேயே தரமான ஒன்று கிடைக்கும்.

பதிவுச் சான்று புதுப்பித்தலைப் பற்றிக் கேள்விகள் குவிந்துள்ளன. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஆய்வு செய்து ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பதே நடைமுறை. பசுமை வரியும் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, 20 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவைச் சிலர் ஆர்வத்தோடு விசாரிக்கிறார்கள். அப்பதிவு பெற்ற வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கு ஓட்ட விதி இடம் தருவதில்லை. கண்காட்சிக்கு வைத்திருப்போருக்கு அது ஏற்றது. ஏற்காட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் ஓட்டிப் போக நினைப்போர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது என்பது செயற்குழுவின் கருத்து.

கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றுவது அறவே கூடாது. கொட்டகையில் மூடியுள்ள பீப்பாய் வைக்கப்பட்டுள்ளது. வீட்டில் மாற்றிய ஆயிலைக் கேனில் கொண்டுவந்து அதில் ஊற்றலாம். நிறைந்ததும் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கிறோம்.

வரும் ஆண்டில் கருவிப்பெட்டிக்கு, சக்கரக் கோணலை நிமிர்த்த உதவும் வீல் ட்ரூயிங் ஸ்டாண்ட் ஒன்று வாங்கவும், ஸ்போக் கட்டும் வேலையைக் கற்பிக்கவும், ஒவ்வொரு வண்டிக்கும் பராமரிப்புப் பதிவேடு அச்சிட்டுத் தரவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பதிவேடு இல்லாத வண்டி சங்கப் பயணத்தில் சேர்க்கப்பட மாட்டாது என்ற பிரிவைச் சிலர் எதிர்ப்பதால், அது தனித் தீர்மானமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். கொட்டகை தந்த உறுப்பினருக்கும், ஊதியம் வாங்க மறுத்துவிட்ட மெக்கானிக் ஐயா அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கிருஷ்ணகிரி