டோக்கன் கணக்கு வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கிரிப்டோ டோக்கன் (இணையத்தில் வாங்கி விற்கும் டிஜிட்டல் சொத்து) வைத்திருப்பவர்களை எல்லாம் சூதாடிகள் என்று நம் வரிக் கணக்கு அலுவலகத்தில் சொன்னதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கட்டணத்தைப் பற்றிய குறை என்றால் நேரில் பேசித் தீர்த்திருப்போம். நாங்கள் உங்களை மதிப்பதில்லை என்று ஆகிவிடுவதால் எழுத வேண்டியதாகிவிட்டது.

அந்த வார்த்தையை இங்கே யாரும் சொல்லவில்லை. உங்களில் பலர் விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர்கள் இல்லை என்பது உங்கள் கணக்கைப் பார்க்கும் எங்களுக்குத் தெரியாதா? உதாரணமாக, 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற டோக்கன் மாற்றும் இணையத் தளம், அதுவரை தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு வாலட் (டோக்கனுக்கான டிஜிட்டல் பணப்பை) முகவரிக்கும் 400 யூனி டோக்கன் கொடுத்தது. அதை வைத்திருப்பவர் யூனிஸ்வாப்பின் நிர்வாக முடிவுகளில் ஓட்டுப் போடலாம். கூட்டுறவு சங்கத்தில் பங்கு வைத்திருப்பது மாதிரி. ஆனால் சங்கத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு. இங்கே டோக்கன் எத்தனையோ அத்தனை ஓட்டு. பிரேவ் என்ற இணைய உலாவியில் விளம்பரம் பார்க்கச் சம்மதிப்பவருக்குப் பேட் என்ற டோக்கன் வருகிறது. அதைத் தனக்குப் பிடித்த வீடியோக்காரருக்கு அனுப்பி ஆதரிக்கலாம். ஹீலியம் என்ற வயர்லெஸ் சேவையில், மாடியில் சிக்னல் கருவி வைத்து நெட்வொர்க்கை விரிப்பவருக்கு டோக்கன். இப்படி ஒரு வேலையோ ஒரு குரலோ கிடைப்பதால் நிலைத்து இருப்பவர்களும் உண்டு. விலைக்காக மட்டும் வந்தவர்கள் பலர் விலை இறங்கியதும் போய்விடுகிறார்கள். இதை மதிக்காமல் எப்படி இருப்போம்?

வரிச் சட்டம்தான் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் டோக்கன் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனையே. வாங்கிய தேதி, விற்ற தேதி, தொகை என்று ஒவ்வொன்றையும் ரிட்டர்னில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். துளித்துளியாக வரும் டோக்கனுக்கும் நாங்கள் பட்டியல் கேட்பது இதற்காகத்தான், சந்தேகத்தால் அல்ல.

செய்தி வந்த அன்றே போன் செய்து, "உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா" என்று சொன்ன உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! அப்பா காலத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து இன்றைய வாலட் வரை எங்களிடம் நம்பிக் கொடுக்கும் குடும்பங்கள் நீங்கள்.

இந்தக் கணக்குகளைப் பார்த்துவந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால், டோக்கன் உள்ள ரிட்டர்னுக்கு இந்த ஆண்டு 500 ரூபாய் கூடுதலாகும். எக்ஸ்சேஞ்ச் (டோக்கன் வாங்கி விற்கும் தளம்) அறிக்கை, வாலட் பட்டியல், டிடிஎஸ் (விற்கும்போதே பிடித்த வரி) விவரம் மூன்றையும் ஜூன் மாதத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள். ஞாயிறு காலையிலும் அலுவலகம் திறந்திருக்கும்.

நன்றியுடன்,
உரிமையாளர்