‘லி’ சேர்த்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் வந்த ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படித்தேன். அட்ஜெக்டிவோடு (ஆள், பொருளின் தன்மையைச் சொல்லும் பெயரடை) ‘லி’ (ly) சேர்த்தால் அட்வெர்ப் (செயல் நடக்கும் விதத்தைச் சொல்லும் வினையடை). தமிழில் ‘ஆன’ என்று முடிவது முதல் வகை, ‘ஆக’ என்று முடிவது இரண்டாம் வகை என்று சுருக்கமாக முடித்திருந்தார்கள். ‘அழகான’ என்றால் ‘பியூட்டிஃபுல்’, ‘அழகாக’ என்றால் ‘பியூட்டிஃபுல்லி’. தொடங்குவதற்கு இது நல்ல வழிதான், நானும் இங்கேதான் தொடங்குவேன். ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மாலையில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

‘அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆக’ வந்திருக்கிறது. பாடத்தை நம்பிய பிள்ளை ‘ஷி இஸ் ஹாப்பிலி’ என்றுதானே எழுதும்? அதைக் கவனக்குறைவு என்று சொல்லி அடித்துவிடுகிறோம். பிள்ளை தன் தாய்மொழியின் வழியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது என்பதே உண்மை. தமிழில் ‘இரு’வுக்கு முன்னால் ‘ஆக’ இயல்பாக வந்துவிடும். ஆங்கிலத்திலோ ‘இஸ்’, ‘வாஸ்’, ‘சீம்’ போன்றவற்றுக்குப் பின் ஆளின் தன்மையைச் சொல்ல அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும். ‘சாம்பார் நன்றாக இருக்கிறது’ என்பதற்கு ‘தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’ என்பதே சரி.

நான் கரும்பலகையில் எப்போதும் எழுதிப்போடும் ஜோடி ஒன்று உண்டு. ‘ஹி லுக்டு ஆங்கிரி’ என்றால் அவன் கோபமாகத் தெரிந்தான். ‘ஹி லுக்டு ஆங்கிரிலி அட் மீ’ என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தான். தமிழில் இரண்டுமே ‘கோபமாக’! அதனால் ‘ஆக’வைத் தேடாதீர்கள், ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்கிறதா, செயல் எப்படி நடந்தது என்று சொல்கிறதா என்று கேளுங்கள் என்பேன். இந்த ஒரு கேள்வி பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் பாதிக் கிணறு தாண்டிவிடுவார்கள்.

அப்புறம், ‘லி’ ஏற்காத சொற்கள். ‘வேகமாக ஓடினான்’ என்பதற்கு ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. ‘ஃபாஸ்ட்’ இரண்டு வேலையையும் தானே செய்யும். பழைய ஆங்கிலத்தில் இத்தகைய அட்வெர்ப்களுக்குக் கடைசியில் ஒரு ‘இ’ (e) எழுத்து இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்து போனதால் இரண்டும் ஒரே வடிவமாகிவிட்டன. ‘ஹார்ட்’ கதையும் இதுதான், ஆனால் அங்கே ஆபத்து அதிகம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் காட்டினாள். ‘ஐ வில் ஒர்க் ஹார்ட்லி’ என்று இருந்தது. கடினமாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்தவள், அனேகமாக வேலையே செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தாள். ‘லேட்’, ‘லேட்லி’ இரண்டும் அப்படித்தான்: முன்னது தாமதம், பின்னது அண்மைக்காலம்.

‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ ஆகியவை ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்கள். பெயர்ச்சொல்லோடு ‘லி’ சேர்ந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ், அட்ஜெக்டிவோடு சேர்ந்தால் அட்வெர்ப் என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே இந்தக் குழப்பம் தீர்ந்திருக்கும். ‘போரிங்’, ‘போர்டு’ பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஆம் போர்டு’ (bored) என்பதற்குப் பதிலாக ‘ஐ ஆம் போரிங்’ என்கிறார்கள் பிள்ளைகள். கேட்பவருக்கோ ‘நான் சலிப்பூட்டும் ஆள்’ என்று பொருள்படும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் ஆங்கிலப் பாடம் உங்கள் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். ஆகவே விதியையும் சொற்பட்டியலையும் குறைத்து, தமிழ் வாக்கியமும் அதற்குச் சரியான ஆங்கில வாக்கியமும் அருகருகே வருமாறு வெளியிடுங்கள். இரண்டு மொழிகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தமிழிலேயே விளக்குங்கள். வரும் வாரம் ‘இரு’வும் ‘இஸ்’ஸும் பற்றிய பாடத்தோடு தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
துறையூர்.