கச்சா கிளிசரினில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கிளிசராலை வேறு பொருளாக்க வினையூக்கி தேடும் ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். கோவைப் பக்கம் சின்னதாக ஒரு பயோடீசல் ஆலை வைத்திருக்கிறேன். பரோட்டாக் கடை, சிப்ஸ் கடைகளில் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வாங்கி, மெத்தனாலும் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரமும் சேர்த்து டீசலாக்குகிறோம். 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோ அளவில் கிளிசரின், உங்கள் மொழியில் கிளிசரால், அடியில் இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த வரியில்தான் தொடங்குகின்றன.

போன வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்து ஐந்து லிட்டர் கேனில் எங்கள் கிளிசரினை வாங்கிப் போனார். போன வாரம் அவர்களுடைய கட்டுரை வாட்ஸப்பில் வந்தது. முன்னுரை முழுக்க எங்களைப் போன்றவர்களின் மிச்சத்தைப் பற்றிய கவலை. செய்முறைக்குப் போனால், பாட்டிலில் வாங்கிய 99 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான கிளிசரால். எங்கள் கேனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃபோனில் கேட்டேன். தம்பி மறைக்கவில்லை: "அண்ணா, உங்க சரக்கைப் போட்டா கேட்டலிஸ்ட் செத்துடுது. அதை எழுதினா பேப்பர் நிக்காது."

சாவது ஏன் என்று எனக்கும் ஓரளவு தெரியும். விடிகாலையில் தொட்டியின் அடி வால்வைத் திறந்தால் வருவது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு திரவம். கிளிசரினோடு சோப்பு, மெத்தனால், தண்ணீர், மிச்சக் காரம் எல்லாம் அதில் உண்டு. பலமுறை சுட்ட எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகம், அதனால் சோப்பும் அதிகம். கிளிசரினை அசிட்டோனோடு சேர்த்து சொல்கெட்டால் என்ற எரிபொருள் சேர்மானம் செய்ய நீங்கள் வினையூக்கியாகப் போடும் அமிலப் பிசின் மணிகளை இதில் போட்டால், காரத்திலும் சோப்பிலும் உள்ள பொட்டாசியம் போய் அமிலத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அது வினையூக்கி இல்லை, வெறும் மணி. பெட்ரோலில் பசை மாதிரி கசடு படிவதை சொல்கெட்டால் நன்றாகக் குறைக்கும் என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் என் டிரம்மிலிருந்து அதற்கு இன்னும் வழி இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். சுத்தமான கிளிசராலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுங்கள். அதே வினையூக்கியைக் கச்சா கிளிசரினிலும் ஓட்டி, எத்தனை சுற்றில் படுத்தது என்று ஓர் அட்டவணை போடுங்கள்.

"வெற்றிடத்தில் வடித்துச் சுத்தம் செய்து கொடு" என்பீர்கள். அந்தக் கருவி வாங்கும் பணம் இருந்தால் நான் ஏன் சுட்ட எண்ணெய்க்குக் கடை கடையாக அலைகிறேன்? தாய்லாந்தின் மாப் தா புட்டில் 2012-இல் சால்வே நிறுவனம் கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் என்ற எபாக்சிப் பிசின் மூலப்பொருள் எடுக்க ஆலை திறந்தது, ஆண்டுக்கு 1 லட்சம் டன் அளவில். அந்த அளவுக்குச் சுத்திகரிப்பெல்லாம் பெரிய விஷயமாக இருக்காது. எனக்கு இருப்பது கொட்டகையில் 40 நீல டிரம். சோப்புக்காரர் நினைத்தபோது வருவார், சொன்ன விலைக்கு எடுப்பார். ஒருமுறை கோபத்தில் கொதிகலன் அடுப்பில் ஊற்றிப் பார்த்தோம். சூடு பத்தாமல் அரைகுறையாக எரிந்தால் அக்ரோலின் என்ற கண்ணெரிச்சல் புகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் கிளிசராலிலிருந்து எடுத்து நீங்கள் விளைச்சல் கணக்குப் போட்டுக் கொண்டாடுகிற அதே அக்ரோலின்தான். எங்களுக்கும் நல்ல விளைச்சல். ரெண்டு நாள் ஆளுக்கு ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தோம்.

சுட்ட எண்ணெயைச் சேகரிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் திட்டம் கொண்டுவந்தது. அதே வருட உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்கிறது. நல்லது. அவ்வளவு டீசலின் அடியில் இறங்கும் கிளிசரினை யார் தலையில் கொட்டுவது? இதையெல்லாம் உங்களிடம் கொட்டுவது நியாயமில்லை, மன்னியுங்கள்.

நிதிக் குழுவினர் மனது வைத்தால் இது பெரிய வேலை இல்லை. கிளிசரால் திட்டம் எதுவானாலும் கச்சா கிளிசரினில் சோதிக்க வேண்டும், தோற்றாலும் முடிவை வெளியிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். தோற்ற கணக்கும் எங்களுக்கு உபயோகம்தான். எதை முதலில் எடுக்க வேண்டும், சோப்பையா காரத்தையா என்றாவது தெரியும்.

சரக்கு இலவசம். எத்தனை லிட்டர் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கேன் மட்டும் மூடி இறுக்கமானதாகக் கொண்டுவாருங்கள். கார் சீட்டில் பட்டால் லேசில் போகாது.

இப்படிக்கு,
நாற்பது டிரம்களுக்குச் சொந்தக்காரன்