குமிழி வராத இணைப்பு

யார்க்‌ஷயர், இங்கிலாந்து
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தீபாவளிக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததாகத் தங்கச்சி சொன்னாள். போன மாதம் வீடியோவில் பார்த்தபோது "ஏன்டா முகம் வாடிக் கெடக்கு" என்று அம்மா கேட்டாள். நைட் டூட்டி என்று சொல்லிவிட்டேன். அது காரணம் இல்லை. போனில் சொன்னால் அம்மா பயந்துவிடுவாள். நீங்கள் நம் சைக்கிள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

இங்கே இப்போது நாலேகால் மணிக்கே இருட்டிவிடுகிறது. காலையில் ஆஸ்பத்திரிக்குள் போகும்போதும் இருட்டு, வெளியே வரும்போதும் இருட்டு. முதல் வருடம் இது என்னைப் படுத்தியது. இப்போது பழகிவிட்டது.

நான் செய்வது பெருங்குடல், மலக்குடல் ஆபரேஷன் என்று உங்களுக்குத் தெரியும். கேன்சர் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்ப்போம். அந்த இணைப்புதான் எங்கள் வேலையின் உயிர். இரண்டு முனைக்கும் நல்ல ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக வந்து சேர வேண்டும். சேர்த்த பிறகு என்ன செய்வோம் தெரியுமா அப்பா? இடுப்புக் குழிக்குள் தண்ணீர் ஊற்றி இணைப்பை மூழ்கவைத்துவிட்டு, ஆசனவாய் வழியாகக் காற்று அடிப்போம். குமிழி வருகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம். தகரத் தொட்டியில் டியூபை முக்கி நீங்கள் பார்ப்பீர்களே, அதேதான். முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையே வந்துவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம். உங்கள் தொட்டியில் குமிழி வரவில்லை என்றால் டியூபை மாட்டி அனுப்பிவிடலாம். குடலில் அப்படி இல்லை. அன்றைக்கு ஒரு குமிழிகூட வராமல், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இணைப்பு விட்டுப்போகலாம். கசிந்தால் மலம் வயிற்றுக்குள் போகும். மலக்குடலில் கீழே போகப் போக ஆபத்து அதிகம். அங்கே போடும் இணைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கசியும். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் இது முழுதாக நின்றுபோனதில்லை.

செப்டம்பரில் ஒரு பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் 50 வயது ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு சின்னக் குப்பி வீட்டுக்கே வரும், 74 வயதுவரை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதில்தான் அவருக்குத் தெரியவந்தது. இணைப்பைப் போட்டது நான். கன்சல்டன்ட், அதாவது எனக்கு மேலே உள்ள பெரிய டாக்டர், பக்கத்திலேயே நின்றார். இணைப்பைப் போடும் ஸ்டேப்ளர் கருவி இரண்டு முனையிலிருந்தும் வெட்டி எடுத்த குடல் வளையங்கள் இரண்டும் முழுசாக இருந்தன. தண்ணீரில் குமிழி இல்லை. மறுநாள் காலையிலேயே அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். இங்கே நம் ஊர் மாதிரி காற்றுப் பிரியும்வரை பட்டினி போடுவதில்லை. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலட் என்ற சர்ஜன் 1990-களில் தொடங்கிவைத்த வழி இது. சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நாடி 110-க்கு ஏறியது. "எனக்கு என்னமோ சரியில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்கேனில் கசிவு. இரவு பதினொரு மணிக்குத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டர். இணைப்பைப் பிரித்து, வயிற்றைக் கழுவி, குடலை வெளியே கொண்டுவந்து, மலம் சேர வயிற்றின் மேல் பை வைத்தோம். ஆறு நாள் ஐ.சி.யூ.

விடியற்காலை கன்சல்டன்ட் என்னைக் காபி அறைக்குக் கூட்டிப்போனார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?" இரண்டாவது, "வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" ஒரு டோஸ்ட்டை வாட்டி, வெண்ணெய் தடவி, என் கையில் கொடுத்தார். பிறகுதான் ஆபரேஷனைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு ஆன்-கால் லிஸ்டிலிருந்து என் பெயரை அவரே எடுத்துவிட்டார்.

அப்பா, அந்த டோஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அந்தப் பெரியவருக்காக மட்டும் இல்லை.

2015-ல் நான் பி.ஜி. இரண்டாம் வருடத்தில் இருந்தபோது சொல்லாமல் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் திண்ணையில் படுத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முப்பத்தாறு மணி நேர டூட்டியின் கடைசியில் ஒரு அம்மாவுக்கு அவசர ஆபரேஷன். குடல் அழுகியிருந்தது. வெட்டிச் சேர்த்தோம். ஆறாம் நாள் தையல் வழியாக மலம் வந்தது. எட்டாம் நாள் இறந்துவிட்டார்கள். வார்டில், அவருடைய மகன் நிற்க, சீஃப் என்னைப் பார்த்து, "நீ தொட்ட கேஸ்தானே" என்று சத்தம் போட்டார். அந்த வார்த்தை பத்து வருடமாக என் காதுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பு போடும்போதும் கேட்கும்.

அந்த அம்மா வந்தபோதே நிலைமை மோசம். யார் செய்திருந்தாலும் அப்படி ஆகியிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்தாவது மணி நேரத்தில் என் கண் எரிந்துகொண்டிருந்ததும் உண்மை. இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ரெசிடென்ட் டாக்டருக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் சாதாரணமாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லியிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது நான் இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இங்கே சராசரி 48 மணி நேரம், ஒரு ஷிஃப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எழுதிக் கொடுக்கலாம், அதைக் கவனிக்க ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் உண்டு. எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறை, பெயர் கெட்டுவிடுமோ என்று எழுதிக் கொடுக்காதவர்கள், மனம் நோகப் பேசும் சீனியர்கள், எல்லாம் இங்கேயும் உண்டு. அமெரிக்காவில் 7,000-க்கு மேற்பட்ட பயிற்சி சர்ஜன்களிடம் கேட்டு 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு 38 பேருக்கு மேல் வாரம் ஒருமுறையாவது மனசும் உடம்பும் ஓய்ந்துபோகிறது என்றார்கள். நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் அந்த ஒரு வருடத்தில் செத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அவமானப்படுத்தப்பட்டவர்களிடம்தான் அந்த நினைப்பு அதிகம். படித்தபோது அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. பயப்படாதீர்கள், இப்போது அப்படி இல்லை.

இங்கே குடல் கேன்சர் ஆபரேஷன் முடிந்து 90 நாளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆஸ்பத்திரிவாரியாகக் கணக்கு வெளியிடுகிறார்கள். நல்ல விஷயம், நோயாளிக்கு அது தெரிய வேண்டும். அந்த ஆபரேஷனைச் செய்தவர் முந்தின இரவு தூங்கினாரா என்பதையும் யாராவது கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தூக்கமில்லாத கையும், பயந்துபோன கையும் சேர்ந்து ஸ்டேப்ளரைப் பிடிப்பது நோயாளிக்கு நல்லதில்லை.

இரண்டு வாரம் கழித்து மீட்டிங்கில் அந்தக் கேஸை எடுத்தார்கள். வீடியோ ஓடியது. ரத்த ஓட்டம் போதுமா, முதலிலேயே தற்காலிகப் பை வைத்திருக்கலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். "யார்" என்ற கேள்வி வரவே இல்லை. மறுநாள் அதே மாதிரி ஒரு ஆபரேஷன். நான் ஒதுங்கி நின்றேன். கன்சல்டன்ட் ஸ்டேப்ளரை என் கையில் வைத்து, "நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

நம் கடைக்கு முதலில் வந்த பையன் ஒரு டீச்சரின் சைக்கிள் வீலைக் கோட்டம் எடுக்கிறேன் என்று ரிம்மையே நெளித்துவிட்டான். நீங்கள் "போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்று அனுப்பினீர்கள். வந்ததும் புது ரிம்மை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்கள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். திண்ணையில் நான் படுத்திருந்த இரண்டாம் நாள், ஒன்றும் பேசாமல் தொட்டியையும் ஒரு டியூபையும் என் முன்னால் வைத்தீர்களே, அதற்கும் அன்றைக்கு அர்த்தம் புரியவில்லை.

பெரியவர் போன வியாழக்கிழமை கிளினிக்குக்கு நடந்தே வந்தார். பையை மாற்ற அவரே பழகிவிட்டார். ஆறு கிலோ இளைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார்.

நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். அம்மாவிடம் எதைப் படித்துக்காட்டலாம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூலம் என்று சொல்லிக்கொண்டு லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறீர்களாமே. ரத்தம் போகிறது என்றால் அது மூலம்தானா என்று பார்த்தால்தான் தெரியும். இந்த வாரமே திருநெல்வேலி போய்க் காட்டுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
முருகன்