மீனவர்கள் மறிக்கவில்லை, அவர்கள் கயிற்றை நாங்கள்தான் தாண்டினோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே இம்மாதம் நடைபெற்ற 30 கி.மீ. கடலோர ஓட்டப் போட்டி, மீனவர்கள் வழிமறித்ததால் முக்கால் மணி நேரம் தடைபட்டதாகச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வெளியாகியிருந்தது. மதுரையிலிருந்து வேன் பிடித்து அப்போட்டிக்குச் சென்ற 19 பேரில் நானும் ஒருவன். மறித்ததாகச் சொல்லப்படும் இடத்தில் அந்த நேரத்தில் நின்றிருந்தவன் என்ற முறையில், அங்கே யாரும் யாரையும் மறிக்கவில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்களுடையது சிறிய ஓட்டக் குழு. வங்கி ஊழியர், ஆசிரியை, மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் எனப் பலரும் விடியற்காலையில் சேர்ந்து ஓடுபவர்கள். தார்ச்சாலையில் ஓடிப் பழகிய கால்களுக்கு மணல் என்பது வேறு உலகம். இறுகிய தரையில் ஓடச் செலவாகும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு மணலில் ஓடுவதற்குத் தேவைப்படுகிறது என்று உடலியல் ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மூன்று மாதமாக ஞாயிறுதோறும் தண்ணீரில்லாத வைகை மணலில் இறங்கிப் பயிற்சி செய்துவிட்டுத்தான் புறப்பட்டோம். (வைகையில் தண்ணீர் இல்லாததற்காக மகிழ்ந்தவர்கள் இந்த ஊரில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும்.) முதல் நாள் இரவு திருச்செந்தூரில் தங்கி, சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்குத் தலைவிளக்கு கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினோம்.

பாதை அருமையான பாதை என்பதில் ஐயமில்லை. முதல் 6 கி.மீ. கடலோரம், பிறகு மேற்கே திரும்பித் தேரிக்காடு. குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவந்து கிடக்கும் அந்தத் தேரி மணலில் கணுக்கால் வரை புதையப் புதைய ஏறி, பனங்காட்டுக்குள் நுழைந்து, 19ஆவது கிலோமீட்டரில் மறுபடியும் கடற்கரைக்கு வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேர்ந்த இடத்தில்தான் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கரைவலையைப் பார்த்திராத வாசகர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படகில் வலையை ஏற்றிச் சென்று கடலுக்குள் அரைவட்டமாக விரித்துவிட்டு, அதன் இரு முனைகளிலும் கட்டிய நீண்ட கயிறுகளைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கரையில் இரண்டு இடங்களில் நின்று, ஒவ்வொரு கயிற்றையும் பத்துப் பதினைந்து பேர் இடுப்போடு அணைத்துப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுபட வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை சாய்ந்து, வலையின் நடுவே பைபோல் இருக்கும் மடிக்குள் வந்த மீன் வெளியே போய்விடும். நீர்விளிம்பை ஒட்டி ஓடுகிற எவரும் இந்த இரண்டு கயிறுகளையும் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். எங்களுக்கு வழிகாட்டிய ஆரஞ்சு நாடாக்கள் மிகச் சரியாக அவ்வழியே கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றிலேயே முடிச்சிடப்பட்டிருந்தது.

முன்னால் சென்றவர்கள் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். இழுப்பவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்காகவும் கயிற்றைச் சற்றே தாழ்த்திக்கூடக் கொடுத்தார்கள். பத்துப் பேர் கடந்தபின், களைத்து வந்த இளைஞர் ஒருவரின் கால் கயிற்றில் சிக்கி அவர் குப்புற விழ, இழுத்துக்கொண்டிருந்தவர்களில் இருவரும் நிலை தடுமாறி விழுந்தார்கள். கயிறு தளர்ந்தது. அப்போதுதான் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, “தம்பி, ஒரு அரைமணி நேரம் பொறுங்க. மடி கரையேறட்டும், பெறகு எங்க வேணாலும் ஓடுங்க” என்றார். இந்த வேண்டுகோளைத்தான் தங்கள் செய்தி ‘மறியல்’ என்கிறது. சத்தம் போட்டவர், சொல்லப்போனால், போட்டி அமைப்பாளர்கள் தரப்பில் நின்ற தன்னார்வலர் ஒருவர்தான். கட்டணம் செலுத்தி வந்தவர்களின் நேரம் வீணாகிறது என்று அவர் கத்தினார். வலைக்காரர்களும் அந்த வலைக்குக் கடன் கட்டுகிறவர்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சும்மா நிற்பதற்கு வெட்கப்பட்டு நாங்கள் ஐந்து பேர் கயிற்றைப் பிடித்தோம். 19 கி.மீ. ஓடிய கால்களைவிட, இருபது நிமிடம் இழுத்த கைகள்தாம் மறுநாள் அதிகம் வலித்தன. உப்பேறிய நைலான் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. கடைசியில் மடி கரையேறியபோது அதிலிருந்தது இரண்டு கூடை நெத்திலியும் கொஞ்சம் காரலும். முப்பது பேரின் விடிகாலை உழைப்பு, அதைப் பங்கு வைக்க வேண்டும். நாங்கள் தாமதமாக ஓடி முடித்ததற்கு ஆளுக்கொரு பதக்கம் கொடுத்தார்கள்.

அமைப்பாளர்களைக் கேட்டபோது, காவல் துறைக்கும் ஊராட்சிக்கும் முறைப்படி கடிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொடுத்திருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையை அன்றாடம் புழங்குகிற ஊர்க் கமிட்டியிடமோ பங்குத்தந்தையிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு செய்தி தெரிந்திருக்கும். அக்கரையோரக் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரையில் ஓய்ந்து கிடக்கும், வலை விரிப்பார் இல்லை, ஊரே பூசைக்குப் போயிருக்கும். போட்டியை ஒரு நாள் தள்ளி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எதுவுமே எழுந்திராது. வெளியூர்க்காரர்கள் ஞாயிறன்று நிதானமாக ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை தேர்ந்தெடுக்கப்பட்டதாம். அந்த வெளியூர்க்காரர்களில் நாங்களும் அடக்கம் என்பதால் இந்தக் குறையில் எங்களுக்கும் பங்குண்டு. நுழைவுக் கட்டணம், தங்குமிடம், காலணி என்று ஒவ்வொன்றையும் துருவித் துருவி விசாரித்த நாங்கள், ஓடப்போகும் கரையில் அந்த நேரத்தில் என்ன வேலை நடக்கும் என்று மட்டும் விசாரிக்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகளில் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிகக் கூடுதலான பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. நீர்விளிம்பின் ஈர மணலைவிட்டுக் குறுக்கு வழி தேடி அம்மேடுகளில் ஏறி இறங்கியவர்களால் ஒரே காலையில் கொடி அறுந்து புதிய தடமொன்று விழுந்துவிட்டது. சனவரி முதல் மார்ச் வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடும் காலம்; வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே அவை திரும்பிவிடக்கூடும். அந்தப் பருவத்தில் இருட்டிலேயே நூற்றுக்கணக்கான தலைவிளக்குகளோடு கடலோரமாகப் புறப்படுவது சரிதானா என்பதை வனத்துறையிடம் கேட்டிருக்க வேண்டும். விடிந்தபின் புறப்பட்டு, தேரிக்காட்டை முதலிலும் கடற்கரையைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதில் ஓடுபவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை, வெயில் சற்று உறைக்கும் என்பதைத் தவிர.

கடலோர ஓட்டங்களே கூடாது என்பது என் கருத்தன்று. அந்தத் தேரியில் மறுபடி ஓட வேண்டும் என்ற ஆசை எங்கள் குழுவில் எல்லாருக்கும் இருக்கிறது. பரிசளிப்பு மேடையிலோ, அடுத்த ஆண்டும் இதே மாதத்தில் சனிக்கிழமையன்றே போட்டி நடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். கட்டணம் வசூலிக்கத் தொடங்குவதற்கு முன்பாக அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, ஊர்க் கமிட்டியோடு உட்கார்ந்து பாதையை முடிவு செய்யுமாறு அமைப்பாளர்களுக்கு நாங்கள் 19 பேரும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். தாங்களும் அந்த ஊருக்குத் தங்கள் நிருபரை ஒருமுறை அனுப்பி, கயிறு இழுத்தவர்கள் தரப்பையும் கேட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டக் குழு உறுப்பினர் ஒருவர்,
மதுரை.