கோடெல்லாம் சரி, படம் பொய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதே பெரிய நிம்மதி. பேரனுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நீயே அட்லஸில் மூழ்கிப் போனதாக எழுதியிருந்தாயே, படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நானும் ஒரு மாதமாக அதே கிறுக்கில்தான் இருக்கிறேன். என்ன, என் மேசையில் கிடப்பவை போர்ப் பிரசாரத்துக்காகத் தீட்டப்பட்ட வரைபடங்கள்.

1934-இல் ஜெர்மனியில் வெளியான ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தலைப்பே ‘ஒரு சிறு நாடு ஜெர்மனியை அச்சுறுத்துகிறது’. அந்தச் சிறு நாடு செக்கோஸ்லோவாகியா. அங்கிருந்து விமானங்கள் விசிறி விரித்தாற்போல ஜெர்மன் மண்ணின் மேல் கிளம்புகின்றன. நீயும் நானும் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் பெரிதாகப் பிழை சொல்ல முடியாது. அங்கிருந்து புறப்படும் விமானம் பெர்லினை எட்டத்தான் எட்டும். ஆனால் பெர்லினிலிருந்து அந்நாட்டின் தலைநகர் பிராகுக்கும் அதே தூரம்தானே? அந்த விசிறியை வரைய மட்டும் யாருக்கும் கை வரவில்லை. நான்கே ஆண்டுகளில், ஹிட்லரோடு பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் செய்துகொண்ட மியூனிக் ஒப்பந்தம் வந்தது. ‘அச்சுறுத்திய’ நாட்டிடமிருந்து, ஜெர்மன் மொழி பேசுவோர் நிறைந்த சூடேட்டன் எல்லைப் பகுதி பிடுங்கப்பட்டது. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

1940-இல் நியூயார்க்கிலிருந்த ஜெர்மன் தகவல் நூலகம் இன்னொரு வேலை செய்தது. தான் அச்சிட்டு அனுப்பிய பத்திரிகையில் ஜெர்மனியின் பரப்பையும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பரப்பையும் அருகருகே போட்டுக் காட்டியது. யார் ஆக்கிரமிப்பாளன் என்று நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் சாரம். அமெரிக்கா போரில் இறங்காமல் இருந்தால் போதும் அவர்களுக்கு. அந்த சாம்ராஜ்யக் கணக்கில் இந்தியாவும் ஒரு பெரிய துண்டு என்பதால், நம் தாத்தாக்கள் பார்த்திருந்தால் ‘சரியாகத்தானே சொல்கிறான்’ என்றிருப்பார்கள். சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது.

எதிரியை ஆக்டோபஸாக வரையும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1877-இல் ரஷ்யா, 1917-இல் பிரஷ்யா, பிறகு சர்ச்சில் என்று யார் கூப்பிட்டாலும் போகிற பிராணி அது. அதைப் பார்த்து ஏமாறுகிறவன் ஏமாறத் தயாராகவே வந்தவன்.

என்னை உறுத்துவது அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். 1941 அக்டோபர் 27 அன்று பேசும்போது, ஹிட்லர் அரசு தயாரித்த ரகசிய வரைபடம் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். தென் அமெரிக்காவை ஐந்து அடிமை நாடுகளாகப் பிரித்துப் போட்ட படமாம். நிருபர்கள் கேட்டபோது, காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அதைக் கொடுத்தது பிரிட்டிஷ் உளவுத்துறை. படம் போலி என்பதுதான் இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோரின் முடிவு. அது போலி என்று அவருக்கே தெரியுமா என்பதில்தான் வாதம்.

நான்கு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 23 அன்று, அதே மனிதர் வானொலியில் பேசினார். உலக வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று மக்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. கடல்கள் எவ்வளவு அகலம், படைகளுக்குச் சரக்குப் போய்ச் சேர ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் விரல் வைத்துப் பார்த்தது. அதுவும் பிரசாரம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு நம்பு என்றார். மற்றொன்றை நீயே விரித்துப் பார் என்றார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ வைப்பாய் என்று தெரியும். ஹிட்லரை எதிர்க்க எந்தப் பொய்யும் தகும் என்று கல்லூரி நாளிலேயே என்னோடு மல்லுக்கு நின்றவன் ஆயிற்றே! இப்போதும் அதே கட்சியா? எழுது.

பேரனின் அட்லஸில், ஆப்பிரிக்காவைவிடப் பல மடங்கு சிறிய கிரீன்லாந்து இன்னும் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத்தான் வீங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல். கண்ணுக்கு மருந்து விடுவதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்