ஒரு பிழைக்குக் கிடைக்கும் பதிலாவது

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும், நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் அமர்பவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் 14 ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் தொழில். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஐந்து நிமிடம் வர முடியுமா என்று ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்றே காலுக்கு என் மடிக்கணினியும் அடையாள அட்டையும் அந்த அறையின் மேசையில் இருந்தன. நான் லிஃப்டில் இருந்தேன். இழுப்பறையிலிருந்து எடுத்துவரத் தோன்றியது டிபன் டப்பாவும் குடையும்தான்.

இந்த மடல் என்னை வேலையிலிருந்து அனுப்பியவர்களுக்கு அல்ல. அவர்களுடன் என் கணக்கு முடிந்துவிட்டது. அடுத்த வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வேலை போனவர்கள் மனம் தளரக் கூடாது, புதிதாகக் கற்க வேண்டும், நாலு பேரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று உங்களில் பலர் சமூக ஊடகங்களில் எழுதுவதைப் படிக்கிறேன். நல்ல அறிவுரைதான். அதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் ஒழுகிப்போகிறது என்பது உங்கள் நாற்காலியிலிருந்து தெரியாது.

முதல் வாரம் வீட்டிலிருந்தே விண்ணப்பித்தேன். வேலை போன ஆணைக் கண்டால் வீடு ஒதுங்கி நின்று உச்சுக்கொட்டும். வேலை போன பெண்ணை வீடு அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். சிலிண்டர் வந்தால், “வீட்டில்தானே இருக்கிறாய், வாங்கி வைத்துவிடு.” தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க ஆள் வந்தால், “நீதான் இருக்கிறாயே.” என் மாமியார் நல்லவர். நான் கவலையை மறக்கட்டும் என்று வடாம் பிழியும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஒன்பதாம் நாள், தொலைபேசி நேர்காணலின் நடுவே குக்கர் மூன்று விசில் அடித்தது. பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார் எதிர்முனையில் இருந்தவர். “பருப்பு” என்றேன். வேறென்ன சொல்வது? வேலை கிடைக்கவில்லை. பருப்பு நன்றாக வெந்திருந்தது.

மறுநாள் முதல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் 5 ரூபாய் டிக்கெட். திருவான்மியூர் நிலையத்தில் கூட்டம் மொத்தமாக இறங்கும். கழுத்தில் அடையாள அட்டை ஆட, டைடல் பார்க் பக்கம் விறுவிறுவென்று நடக்கும். அந்தக் கட்டடம் 2000ஆம் ஆண்டு திறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. ஒழுங்காகப் படித்தால் இங்கே உட்காரலாம் என்று அப்பா பேருந்து ஜன்னல் வழியே காட்டியது நினைவிருக்கிறது. ரயிலில் போகத் தொடங்கிய புதிதில், அந்த நிலையம் வந்ததும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும், அட்டை இருக்கிறதா என்று பார்க்க. இப்போது போவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். என் பக்கத்து நாற்காலிப் பெண் குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது முறையாகத் தயாராகிறாள். என்னை அக்கா என்பாள். பதினொரு மணிக்கு இருவரும் தேநீர் குடிக்கப் போவோம். ஒருநாள் அவள் காசு, ஒருநாள் என் காசு. இரண்டு முறை தோற்றவள் அவள். ஆனால் இரண்டு முறையும், தோற்றோம் என்று அவளுக்குத் தெரியப்படுத்தினார்கள். பதிவெண்ணைத் தேடிப் பார்த்தாள், இல்லை, இரண்டு நாள் அழுதாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளிடம் பொறாமையாக இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு சிற்றூர் இருந்தது. 1930 வாக்கில் அங்கிருந்த ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா முதலான ஆய்வாளர்கள் அங்கே போய், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும், ஊர் நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதுவும் இரவல் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், வீட்டு வேலை காத்திருந்ததால். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே ஏதோ ஒரு குக்கர் கூப்பிட்டிருக்கிறது.

மெதுவாக நடக்கக் கூடாது என்பதற்காக நான் வைத்துக்கொண்டது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நிறுவனம், யார் மூலம் அனுப்பினேன், என்ன ஆயிற்று என நான்கு கட்டங்கள். பழைய பழக்கம் விடவில்லை, பிழைப் பதிவேடு போலவே எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பிழையைப் பதிவு செய்துவிட்டால் அதற்கு ஒரு நிலை இருந்தாக வேண்டும். புதியது, பார்க்கப்படுகிறது, சரிசெய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை. ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். பொத்தானின் நிறம் சரியில்லை என்று நான் போட்ட அற்பப் பிழைகளுக்குக்கூட, “இது வாடிக்கையாளர் கேட்ட நிறம்தான், மூடிவிடுகிறேன்” என்று ஒரு நிரலாளர் பதில் எழுதியிருக்கிறார். நிலை இல்லாத பிழை என்று ஒன்று கிடையாது.

என் நோட்டில் இன்று வரை 83 வரிகள். அவற்றில் 9 நேர்காணலுக்கு அழைத்தவை. 11 இடங்களிலிருந்து, இயந்திரம் அனுப்பியதோ மனிதர் அனுப்பியதோ, மறுப்பு வந்தது. மிச்சம் 63 வரிகளில் நான்காவது கட்டம் காலி.

விண்ணப்பம் பார்த்துப் பதில் போடாததை மன்னித்துவிடலாம். ஒரு வேலைக்கு எத்தனை பேர் மோதுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். நேர்காணல் முடித்த பிறகு வரும் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று, நான்கு சுற்றுகள் போயிற்று. மூன்றாம் சுற்றுக்கு முன் ஒரு செயலியைக் கொடுத்துச் சோதித்துத் தரச் சொன்னார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து 22 பிழைகள் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவற்றில் மூன்று, பணப் பரிமாற்றம் தொடர்பானவை. நான்காம் சுற்றின் முடிவில் அந்த அதிகாரி எழுந்து நின்று, “செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுகிறோம்” என்றார். எந்தச் செவ்வாய் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தச் செவ்வாய் முழுக்கக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் நெஞ்சு ஒருமுறை குதிக்கிறது. அடுத்த வாரம் மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் ஒன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் காத்திருப்பில் மூன்று வாரம் வேறெங்கும் முனைப்பாக விண்ணப்பிக்கவில்லை, கிடைத்தே விட்டது என்ற நினைப்பில். அந்த 22 பிழைகளைச் சரிசெய்துவிட்டார்கள் என்பது மட்டும், செயலியின் புதிய பதிப்பைத் தரவிறக்கிப் பார்த்ததில் தெரிந்தது. தொழில் புத்தி, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. “ஏன் ராஜினாமா செய்தீர்கள்?” என்று கேட்கிறீர்கள். என் விடுவிப்புக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானாக விலகியதாக. அந்தச் சிறிய அறையில் என் முன்னே வைக்கப்பட்டது நான் எழுதாத என் ராஜினாமாக் கடிதம். கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல அனுபவச் சான்றும், போடாவிட்டால் சான்றில் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும் என்றார்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வரை, ஆட்குறைப்பு என்றால் தொழிலாளருக்கு முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும். தானாக விலகினால் இந்த இழப்பீட்டுப் பேச்சே இல்லை. சோதனைப் பொறியாளர் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரா இல்லையா என்று வழக்காடும் தெம்பு எல்லோருக்கும் இல்லை. மகளுக்கு அந்த மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். உங்களில் பலர் இதே அறையில் மேசையின் அந்தப் பக்கம் இருந்திருப்பீர்கள். அந்தக் கடிதங்கள் எப்படித் தயாராகின்றன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்த கேள்வி, “இந்த எட்டு மாதம் என்ன செய்தீர்கள்?” இதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடையும் என்னிடம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையத் தளத்தில் பைத்தான் நிரல்மொழிப் பாடம் முடித்தேன். பாடம் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஆனால் நான் பெருமையாகச் சொல்ல நினைப்பது வேறு.

எங்கள் தெரு முனையில் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கல்யாணச் சீர்வரிசைக்கு மொத்தமாக வாங்க வருபவர்களிடம் இருப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். பிறகு மாலையில் பரண் மேல் அதே அளவு அண்டா நாலு கிடைக்கும். இருப்புக் கணக்கு மொத்தமும் அவர் தலையிலும், முனை மடங்கிய ஒரு நீள நோட்டிலும் இருந்தது. நான் இரண்டு வாரம் மாலை நேரங்களில் போய் உட்கார்ந்தேன். கடையில் எத்தனை வகைப் பாத்திரம் என்று எண்ணவே நாலு நாள். அவர் ‘குண்டா’ என்பதைக் கடைப் பையன் ‘போகிணி’ என்றான். இரண்டும் ஒன்றா, அளவு வேறா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். பெரிய நிறுவனங்களில் தேவைக் குறிப்பு எழுதும் கூட்டங்களும் இப்படித்தான் நடக்கும், காபி மட்டும் கொஞ்சம் மோசமாக இருக்கும். கடைசியில் கைப்பேசியிலேயே பார்க்கும்படி ஒரு கணக்குத்தாள் தயார் செய்தேன். பெயரில் எதைத் தட்டினாலும் எந்தப் பரணில் எத்தனை என்று காட்டும். 3,000 ரூபாயும் ஓர் எவர்சில்வர் தூக்கும் கொடுத்தார். “உன்னிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை அம்மா” என்றார். அந்த வாரம் திருவான்மியூர் நிலையத்தை நான் ஜன்னல் பக்கம் திரும்பாமலே கடந்தேன்.

இதை ஒரு நேர்காணலில் சொன்னேன். கேட்டவர் சிரித்துக்கொண்டு, “சரி, தொழில்முறையாக ஏதாவது?” என்றார்.

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், பாதி உண்மை. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினரை நாளுக்கு இருபது நிமிடம், ஐந்து நாட்கள், வேலை போனது குறித்து மனதில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், எழுதியவர்களில் வேலை கிடைத்தவர்கள் அதிகம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பிக்கவும் இல்லை. ஆறாத கோபத்தை நேர்காணல் அறைக்குள் கொண்டுபோகாததுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆகவே இந்த மடலை என் மருந்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது சலுகை அல்ல. நேர்காணலுக்கு அழைத்து உட்காரவைத்த ஒருவருக்கு, முடிவு எதுவானாலும் இரண்டு வரி எழுதுங்கள். காரணம் சொல்லச் சட்டச் சிக்கல் என்றால் காரணம் வேண்டாம், ‘இல்லை’ மட்டும் போதும். செவ்வாய் என்று சொன்னால் செவ்வாயன்றே சொல்லுங்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள். இரண்டு நாள் வேலையை வாங்கிக்கொண்டால், அது எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்து வாயைக் கிளறாதீர்கள். பாத்திரக் கடைக் கதை வந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். அந்தக் குண்டாவும் போகிணியும் ஒன்றா என்றாவது கேளுங்கள்.

ஒன்றல்ல. அளவு வேறு.

எந்த நிறுவனம் என்று நான் இங்கே எழுதவில்லை, ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னவர் இதைப் படிக்க நேர்ந்தால்: அது என் நோட்டில் 41ஆம் வரி. நான்காவது கட்டத்தில் ‘நேர்காணல்’ என்பதற்குப் பிறகு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பொறியாளர் ஒருத்தி,
வேளச்சேரி, சென்னை